டென்வரில் நிதானம், டான்வில்லில் சிரிப்பு: 2012 அமெரிக்கத் தேர்தல் விவாதங்கள் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

2012 அக்டோபர் 3 இரவு, டென்வர் பல்கலைக்கழக அரங்கில் அதிபர் பராக் ஒபாமா எதிராளியைப் பெரிதாக இடைமறிக்கவில்லை, குரலை உயர்த்தவில்லை, மற்றவர் பேசும்போது தலைகுனிந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். நாகரிகமான விவாதத்துக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லத்தக்க அந்த நடத்தைக்காக அவரை முதலில் சாடியவர்கள் அவருடைய சொந்தக் கட்சிக்காரர்களே. எட்டு நாள் கழித்து, அக்டோபர் 11 அன்று, கென்டக்கி மாநிலத்தின் டான்வில் நகரில் துணை அதிபர் ஜோ பைடன் எதிராளி பேசப் பேசப் பல் தெரியச் சிரித்தார், கண்களை மேலே உருட்டினார், பேச்சின் குறுக்கே விழுந்தார். முதல் இரவில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்த அதே ஜனநாயகக் கட்சிக்காரர்கள் அவரைத் தோளில் தூக்காத குறையாகக் கொண்டாடினார்கள்.

இந்த இரண்டு இரவுகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பதில் ஒரு வசதி இருக்கிறது. தேர்தல் ஒன்று, கட்சி ஒன்று, தற்காக்கப்பட்ட ஆட்சியும் ஒன்று, பார்த்தவர்களிலும் பெரும்பகுதியினர் அதே மக்கள். மேடையில் இருந்தவரின் தோரணைதான் தலைகீழாக மாறியிருந்தது. ஆனாலும் இது ஆய்வுக்கூடப் பரிசோதனை அல்ல. அதிபரும் துணை அதிபரும் ஒரே எடை கொண்டவர்கள் அல்லர். முதல் இரவில் பட்ட அடியின் வலி, இரண்டாம் இரவைப் பார்த்த கண்களில் மிச்சமிருந்தது. இந்த வரம்புகளை ஒப்புக்கொண்ட பிறகும், ஒரு முடிவுக்கு இந்த நிகழ்வு வலுவான ஆதாரம் தருகிறது என்பது என் கருத்து: கட்சிப் பற்றுள்ளவர்கள் நிதானத்தை எதிராளியிடம்தான் கேட்கிறார்கள், தம்மவரிடம் கேட்பது சண்டையை.

டென்வர்: பணிவா, தூக்கமா

டென்வர் விவாதத்துக்கு ஒதுக்கப்பட்டது தொண்ணூறு நிமிடம். உள்நாட்டுக் கொள்கை மட்டுமே பொருள். பதினைந்து நிமிடப் பகுதிகள் ஆறு. நெறியாளர் பொதுத் தொலைக்காட்சியான பிபிஎஸ்ஸின் ஜிம் லேரர். ஏறத்தாழ 6 கோடியே 70 லட்சம் பேர் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். விவாதத்துக்கு முன்பு ஒபாமா முன்னணியில் இருந்தார். செப்டம்பரில் பியூ ஆய்வு மையம் எடுத்த கணிப்பில், வாக்களிக்க வாய்ப்புள்ளவர்களிடையே அவருக்கு 51 சதவீதமும் குடியரசுக் கட்சி வேட்பாளர் மிட் ராம்னிக்கு 43 சதவீதமும் கிடைத்திருந்தன. முன்னணியில் இருப்பவர் அலை எழுப்பாமல் கரை சேரப் பார்ப்பது இயல்புதான். நெவாடா மாநிலத்தின் ஹெண்டர்சனில் செனட்டர் ஜான் கெர்ரியை ராம்னியின் இடத்தில் நிறுத்தி ஒத்திகை நடந்தது. அந்த நாட்களில் ஒரு தன்னார்வலருடன் தொலைபேசியில் பேசிய ஒபாமா, தம்மை உள்ளேயே அடைத்து வைத்து வீட்டுப்பாடம் செய்யச் சொல்கிறார்கள் என்று பாதி விளையாட்டாகக் குறைபட்டுக்கொண்டார்.

அன்று ஒபாமா தம்பதியரின் இருபதாவது திருமண நாள். அதைச் சொல்லி அவர் பேச்சைத் தொடங்க, தம்மோடு இந்த மேடையில் நிற்பதைவிடக் காதல் பொங்கும் இடம் வேறு இருக்க முடியாது என்று ராம்னி வேடிக்கை செய்தார். அந்த இரவில் ஒபாமா மனம்விட்டுச் சிரித்த தருணங்களில் அதுவும் ஒன்று. பிறகு ராம்னி எண்களை அடுக்கினார், நேரம் முடிந்த பிறகும் பேசினார், நெறியாளரைத் தாண்டிப் போனார். பிபிஎஸ்ஸுக்கு அரசு அப்போது கொடுத்துவந்த மானியத்தை நிறுத்தப்போவதாக, அந்த நிறுவனத்தின் முகமாக எதிரே அமர்ந்திருந்த லேரரிடமே சொல்லிவிட்டு, அதன் குழந்தைகள் நிகழ்ச்சியில் வரும் மஞ்சள் பறவையையும் உங்களையும் எனக்குப் பிடிக்கும் என்று சேர்த்துக்கொண்டார். குடியரசுக் கட்சியினர் இதை ஆளுமை என்றார்கள். மறுநாள் ஜனநாயகக் கட்சித் தரப்பிலிருந்து, முதிய நெறியாளரை ராம்னி அடாவடியாக மடக்கினார் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. ஆனால் அதே மூச்சில், தங்கள் ஆள் ஏன் அப்படி மடக்கவில்லை என்ற ஆதங்கமும் வெளிப்பட்டது. இந்த இரண்டு புகார்களும் ஒன்றையொன்று வெட்டுகின்றன என்பதைச் சொன்னவர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை.

இங்கே ஒரு சிறு விவரத்தில் சற்று நிற்க வேண்டும். சிஎன்என் தொலைக்காட்சி வைத்திருந்த கடிகாரத்தின்படி, அன்று கூடுதல் நேரம் பேசியவர் ஒபாமா. ராம்னியைவிட நான்கு நிமிடத்துக்கும் மேலாக அவர் பேசியிருக்கிறார். ஆனால் அவர் பேசவே இல்லை, வாயடைத்து நின்றார் என்பதுதான் பார்த்தவர்களின் நினைவு. திரையை இரண்டாகப் பிரித்து, பேசுபவரையும் கேட்பவரையும் ஒரே நேரத்தில் காட்டிய ஒளிபரப்பில், ராம்னி பேசுகையில் ஒபாமாவின் குனிந்த தலையும் இறுகிய உதடும் தொடர்ந்து தெரிந்தன. ஒபாமா பேசுகையில் ராம்னி அவரை நேராகப் பார்த்து, மெல்லிய புன்னகையோடு காத்திருந்தார். கேட்ட நிமிடங்களில் பதிந்த முகம், பேசிய நிமிடங்களில் வந்த சொற்களை விழுங்கிவிட்டது.

அன்றிரவே எம்எஸ்என்பிசி தொலைக்காட்சியில் கிறிஸ் மேத்யூஸ், ஒபாமா எங்கே போனார் என்று உரத்த குரலில் கேட்டார். அந்த அலைவரிசை ஜனநாயகக் கட்சி ஆதரவாளர்கள் ஆறுதல் தேடிப் போகும் இடம் என்பதை நினைவில் கொண்டால்தான் அந்தக் கேள்வியின் வெப்பம் புரியும். முன்னாள் துணை அதிபர் அல் கோர் வேறு வழியில் ஒரு சமாதானம் கண்டுபிடித்தார்: டென்வர் கடல் மட்டத்திலிருந்து ஐயாயிரம் அடிக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது, ஒபாமா சில மணி நேரத்துக்கு முன்புதான் அங்கே வந்திறங்கினார், ராம்னியோ அங்கேயே தங்கி ஒத்திகை பார்த்தவர். தம்மவரின் தோரணை தம்மை வருத்தும்போது, காரணத்தை அவருக்கு வெளியே, காற்றின் அடர்த்தியில்கூட, தேடுகிற மனத்துக்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. இதைச் சொன்னவர் கோர் என்பதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அதைப் பின்னால் பார்ப்போம்.

கோபத்துக்கு உள்ளே பொருள்சார்ந்த காரணம் ஒன்று இருந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. நாட்டு மக்களில் 47 சதவீதத்தினர் அரசைச் சார்ந்திருப்பவர்கள், அவர்கள் எப்படியும் ஒபாமாவுக்குத்தான் வாக்களிப்பார்கள் என்று நன்கொடையாளர்கள் கூட்டமொன்றில் ராம்னி பேசிய ஒளிப்பதிவு செப்டம்பர் நடுவில் வெளியாகியிருந்தது. கையில் கிடைத்த அந்த ஆயுதத்தை ஒபாமா டென்வரில் ஒருமுறைகூட எடுக்கவில்லை. ஆகவே ஆதரவாளர்களின் சினம் முகபாவத்தின் மீது மட்டும் எழுந்ததன்று. ஆயினும் அவர்கள் அந்தச் சினத்தை வெளிப்படுத்திய சொற்களைப் பார்த்தால், சொல்லாமல் விட்ட வாதத்தைப் பற்றியவற்றைவிட, குனிந்த தலையையும் சோர்ந்த தோளையும் பற்றியவையே மிகுதி.

ஒபாமாவின் அமைதிக்கு இன்னொரு வரலாறும் இருக்கிறது. கறுப்பின ஆண் ஒருவர் பொதுவெளியில் சினந்தால் அது அவருடைய இனத்தின் மீது ஏற்றப்படும் என்ற அச்சத்தோடு வளர்ந்த அரசியல்வாதி அவர். பதற்றமில்லாமை 2008இல் அவருக்குப் பெரும் பலமாக இருந்தது. அந்த ஆண்டின் நிதி நெருக்கடியின்போது அவருடைய நிதானத்தைத் தலைமைப் பண்பு என்று போற்றியவர்கள்தான், நான்கு ஆண்டு கழித்து அதே குணத்தை அக்கறையின்மை என்று வாசித்தார்கள். பைடனுக்கு இருந்த சிரிக்கும் உரிமையும் சினக்கும் உரிமையும் ஒபாமாவுக்கும் அதே அளவில் இருந்தனவா என்பது ஒரு நேர்மையான கேள்வி. அன்றைய கூச்சலில் அது போதிய அளவு கேட்கப்படவில்லை.

அக்டோபர் 10 அன்று வானொலி நேர்காணல் ஒன்றில் ஒபாமா தம் தரப்பு விளக்கத்தைத் தந்தார்: தாம் அளவுக்கு மீறிப் பணிவாக நடந்துகொண்டதாகச் சொன்னார். தோல்வியை ஒப்புக்கொள்ளும்போதே அதற்கு ஒரு நல்ல பெயரைச் சூட்டும் முயற்சி அது.

டான்வில்: மலர்ச்சியா, எகத்தாளமா

மறுநாளே சென்டர் கல்லூரியில் துணை அதிபர் வேட்பாளர்களின் விவாதம் நடந்தது. நெறியாளர் ஏபிசியின் மார்த்தா ராடட்ஸ். இருவரும் மேசையில் அமர்ந்து பேசினார்கள். பைடனுக்கு 69 வயது, குடியரசுக் கட்சியின் துணை அதிபர் வேட்பாளர் பால் ரயனுக்கு 42. ஐந்து கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். இங்கேயும் திரை இரண்டாகப் பிரிந்திருந்தது. ஆனால் இந்த முறை கேட்டுக்கொண்டிருந்த முகம் ஒரு நிமிடம்கூடச் சும்மா இருக்கவில்லை.

ரயன் வெளியுறவைப் பற்றிப் பேசத் தொடங்கியதும், உரிய மரியாதையோடு சொல்கிறேன், இது வெறும் பிதற்றல் என்று பைடன் வெட்டினார். அதற்கு அவர் கையாண்ட ‘மலார்கி’ என்ற பழைய வழக்குச் சொல் மறுநாள் நாடு முழுதும் உலவியது. வரிக்குறைப்புக்கு ஜான் கென்னடியின் முன்மாதிரியை ரயன் காட்டியபோது, ஓ, இப்போது நீங்கள்தான் ஜாக் கென்னடியா என்று கேட்டார். இடையிடையே சிரித்தார், சில சமயம் ஓசையோடு, சில சமயம் உதட்டோடு, சில சமயம் கூரையைப் பார்த்து. ஒபாமா விட்டுவைத்த 47 சதவீதத்தை எடுத்து வீசவும் தவறவில்லை. ஒரு கட்டத்தில் ரயன், இழந்த இடத்தை மீட்க வேண்டிய நெருக்கடி உங்களுக்கு இருக்கிறது என்பது தெரியும், ஆனால் ஒருவரையொருவர் இடைமறிக்காமல் இருந்தால் மக்களுக்கு நல்லது என்று அமைதியாகச் சொன்னார். அந்த வாக்கியம் மிகச் சரியாகத் தைக்கப்பட்டது: நிதானத்தைத் தம் பக்கமும் பதற்றத்தை எதிர்ப்பக்கமும் வைத்ததோடு, டென்வர் தோல்வியையும் நினைவூட்டியது.

விவாதம் முடிந்ததும் ஃபாக்ஸ் நியூஸின் கிறிஸ் வாலஸ், விவாதத்தில் ஒருவர் மற்றவரை இத்தனை வெளிப்படையாக அவமதித்ததைத் தாம் பார்த்ததாகவே நினைவில்லை என்றார். குடியரசுக் கட்சியின் தேசியக் குழு பைடனின் சிரிப்புகளை மட்டும் வெட்டி ஒட்டி ஒரு காணொளியாக வெளியிட்டது. மறுபுறம் ஒபாமா, விமானத்திலிருந்து இறங்கியதும் நிருபர்களிடம், பைடன் அபாரமாகச் செய்தார், அவரைப் பற்றி இதைவிடப் பெருமைப்பட முடியாது என்று சொல்லி, அவருடைய வேட்கையைப் பாராட்டினார்.

கணிப்புகள் ஒன்றுக்கொன்று உடன்படவில்லை. விவாதம் பார்த்த பதிவுபெற்ற வாக்காளர்களிடம் சிஎன்என் எடுத்த கணிப்பில் ரயன் 48, பைடன் 44. யாருக்கு வாக்களிப்பது என்று உறுதி செய்யாதவர்களிடம் சிபிஎஸ் எடுத்த கணிப்பில் பைடன் 50, ரயன் 31. கட்சிச் சார்புள்ளவர்கள் மிகுந்த கூட்டம் ஏறத்தாழச் சரிபாதியாகப் பிளந்திருக்க, சார்பு தளர்ந்த கூட்டம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. இதை வைத்துச் சிரிப்பு பலித்தது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அவர்கள் பைடனின் வாதத்தை ஏற்று, சிரிப்பைப் பொறுத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் அந்தச் சிரிப்பு நடுநிலையாளர்களை விரட்டியடித்திருக்கும் என்று அன்றிரவு பல விமர்சகர்கள் சொன்னது மட்டும் எண்களில் காணப்படவில்லை.

பெயர் சூட்டும் உரிமை

தோரணையைப் பற்றிய சண்டை பெரும்பாலும் பெயர் சூட்டும் சண்டை. தமிழில் யோசித்தாலே இது எளிதில் விளங்கும். அமைதியாக இருப்பவர் நம்மவர் என்றால் நிதானம், அடக்கம், பெருந்தன்மை. எதிர்ப்பக்கத்தவர் என்றால் அசமந்தம், அழுத்தம், கையாலாகாத்தனம். உரக்கப் பேசினால் அங்கே ஆவேசம், இங்கே ஆத்திரம். சிரித்தால் ஒரு பக்கத்தில் மலர்ச்சி, மறுபக்கத்தில் எகத்தாளம். நிகழ்ந்த செயல் ஒன்றுதான்; எந்த அகராதியைத் திறக்கிறோம் என்பதைக் கட்சி முடிவு செய்கிறது.

இது இரு கட்சிகளுக்கும் பொது என்பதைக் காட்ட 2012க்கு முந்திய இரண்டு இரவுகள் போதும். இரண்டிலும் நெறியாளர் அதே ஜிம் லேரர்.

2000 அக்டோபர் 3 அன்று, டென்வருக்குச் சரியாகப் பன்னிரண்டு ஆண்டு முன்பு, பாஸ்டனில் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஜார்ஜ் புஷ் பேசும்போதெல்லாம் ஜனநாயகக் கட்சி வேட்பாளரான அல் கோர் ஒலிவாங்கியில் கேட்கும்படி பெருமூச்சு விட்டார். அன்றிரவு கருத்துக்கணிப்பு நிறுவனமான கேலப் எடுத்த உடனடிக் கணிப்பில் கோர்தான் 48க்கு 41 என்ற கணக்கில் முந்தியிருந்தார். பிறகு அந்தப் பெருமூச்சுகள் மட்டும் தனியே கோக்கப்பட்டுச் செய்திகளில் திரும்பத் திரும்ப ஓடின, நகைச்சுவை நிகழ்ச்சிகளுக்குத் தீனியாயின, சில நாட்களில் அந்த விவாதத்தில் பெருமூச்சைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை என்பதுபோல் ஆகிவிட்டது. குடியரசுக் கட்சியினருக்கு அது மேட்டிமைத் திமிர். கோரின் ஆதரவாளர்களுக்கு, தவறான கணக்கைக் கேட்டுச் சலித்த அறிவாளியின் இயல்பான எதிர்வினை. அடுத்த விவாதத்தில் அவர் தம்மை அடக்கிக்கொண்டு வந்தபோது, தம் ஆள் அடங்கிவிட்டாரே என்று சொந்தப் பக்கமே முகம் சுளித்தது. டென்வரின் உயரத்தைக் காரணம் காட்டியவர் இந்த அனுபவத்தைக் கடந்து வந்தவர்.

2004 செப்டம்பர் 30 அன்று புளோரிடாவின் கோரல் கேபிள்ஸில் அதிபர் புஷ்ஷுக்கு அதே கதி. இரு வேட்பாளர் தரப்புகளும் கையெழுத்திட்ட 32 பக்க ஒப்பந்தத்தில், ஒருவர் பேசும்போது மற்றவரின் முகத்தைக் காட்டக் கூடாது என்ற விதி இருந்தது. தொலைக்காட்சி நிறுவனங்கள் அதை ஏற்கவில்லை. எதிர்த்துப் போட்டியிட்ட ஜான் கெர்ரி பேசும்போது புஷ் முகத்தைச் சுருக்கியதும் உதட்டைக் கடித்ததும் நாடு முழுதும் தெரிந்தன. ஜனநாயகக் கட்சியின் தேசியக் குழு அந்த முகச்சுளிப்புகளை ஒன்றாக்கிக் காணொளி வெளியிட்டது. எட்டு ஆண்டு கழித்துப் பைடனின் சிரிப்புகளை வெட்டி ஒட்டிய குடியரசுக் கட்சியின் காணொளியைக் கீழ்த்தரமான உத்தி என்று சாடியவர்கள், இதை மறந்திருந்தார்கள். வெட்டி ஒட்டும் முறை இரண்டிலும் ஒன்றே: வாதத்தை நீக்கிவிட்டு முகத்தை மட்டும் வைத்துக்கொண்டால், காரணமில்லாமல் சிரிப்பவராகவோ காரணமில்லாமல் சினப்பவராகவோ யாரையும் காட்டிவிடலாம்.

நிதானமே குற்றமான நிகழ்வும் டென்வரில் முதன்முதலாக நேர்ந்ததன்று. 1988 அக்டோபர் 13 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் சிஎன்என்னின் பெர்னார்ட் ஷா, உங்கள் மனைவி பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டால் கொலையாளிக்கு மரண தண்டனையை ஆதரிப்பீர்களா என்று ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் மைக்கேல் டுகாகிஸிடம் கேட்டார். மரண தண்டனையை வாழ்நாள் முழுதும் எதிர்த்து வந்திருக்கிறேன் என்று டுகாகிஸ் மாறாத குரலில் விடை சொன்னார். கொள்கை மாறாத அந்த விடைக்காக அவரைப் பாராட்டியிருக்க வேண்டிய ஜனநாயகக் கட்சியினர், அந்தக் கணத்திலேயே தேர்தல் கைவிட்டுப் போனதாகப் பிறகு பல காலம் புலம்பினார்கள்.

அடைப்பு உடையும் இடம்

இதுவரை சொன்னதை வைத்து, எல்லாம் கட்சிக் கண்ணாடிதான், முகத்தில் எது நடந்தாலும் இரு பக்கமும் முன்பே எழுதிவைத்த தீர்ப்பைத்தான் வாசிக்கும் என்று எண்ணினால் அது தவறாகும். டென்வரின் எண்கள் அதற்கு இடம் கொடுக்கவில்லை. கேலப் கணிப்பில் விவாதம் பார்த்தவர்களில் 72 சதவீதம் பேர் ராம்னி சிறப்பாகச் செய்தார் என்றார்கள், ஒபாமாவைச் சொன்னவர்கள் 20 சதவீதம்; அதுவரை கேலப் அளந்தவற்றிலேயே மிகப் பெரிய இடைவெளி அது. அதைவிட முக்கியம், ஜனநாயகக் கட்சியினரிடையேயும் ராம்னி 49க்கு 39 என்று முந்தினார். தம் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பார்த்தார்களா என்றால், இல்லை என்றே நினைக்கிறேன். தமக்காகச் சண்டையிடும் கடமையை வேட்பாளர் செய்யவில்லை என்ற தீர்ப்பும் கட்சிப் பற்றிலிருந்து பிறந்ததுதான். பற்றில்லாதவருக்கு ஒபாமாவின் அமைதி சுவையற்ற ஓர் இரவு. பற்றுள்ளவருக்கு அது ஒரு துரோகம்.

உளவியலில் இதற்கு அடிப்படையாக எடுத்துக்காட்டப்படும் பழைய ஆய்வு ஒன்று அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில் தொடங்கியது. 1951 நவம்பரில் பிரின்ஸ்டன், டார்ட்மத் அணிகளுக்கிடையே எலும்பு முறியும் அளவுக்கு முரட்டுத்தனமாக ஓர் ஆட்டம் நடந்தது. அதன் படச்சுருளை இரு கல்லூரி மாணவர்களிடமும் காட்டி, விதிமீறல்களை எண்ணச் சொன்னார்கள் ஹாஸ்டார்ஃப், காண்ட்ரில் என்ற இரு ஆய்வாளர்கள். டார்ட்மத் அணி செய்த மீறல்கள் என்று பிரின்ஸ்டன் மாணவர்கள் எண்ணியவை, டார்ட்மத் மாணவர்கள் எண்ணியவற்றைப்போல இரு மடங்குக்கும் மேல். பார்த்தது ஒரே படச்சுருள். விவாத மேடையில் யார் எத்தனை முறை இடைமறித்தார் என்ற எளிய கேள்விக்குக்கூட இரு கட்சியினரிடமிருந்து வெவ்வேறு விடை வருவதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

1980களில் டார்ட்மத் கல்லூரியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் அன்றைய அதிபர் ரொனால்ட் ரீகனின் முகபாவங்களை வைத்துச் செய்த சோதனைகள் இன்னும் நுட்பமானவை. ரீகன் மகிழ்ச்சியாகவும் சினத்தோடும் தயக்கத்தோடும் தோன்றும் காட்சிகளைப் பார்த்தவர்கள், தாம் உணர்ந்ததாக வாயால் சொன்னது அவர்களுடைய அரசியல் சார்பையொட்டி மாறியது. ஆனால் ஒலியில்லாமல் படத்தை மட்டும் காட்டியபோது, அவர்களுடைய முகத் தசைகளின் நுண்ணசைவுகள், ஆதரவாளரானாலும் எதிர்ப்பாளரானாலும், ஏறத்தாழ ஒரே போக்கில் இருந்தன. சிரிக்கும் முகத்துக்கு உடல் ஒருவிதமாக எதிர்வினை காட்டுகிறது. பிறகு கட்சி வந்து அதற்கு வேறு பெயர் வைக்கிறது. டென்வரில் ஜனநாயகக் கட்சியினர் தொலைக்காட்சி முன் நெளிந்தது பெயர் வைப்பதற்கு முந்திய கணத்தில் நிகழ்ந்திருக்கக் கூடும்.

விவாதத்துக்குப் பிந்தைய நாட்களில் கணிப்புகள் சரிந்த விதம் தனியாகச் சொல்ல வேண்டியது. அக்டோபர் 4 முதல் 7 வரை பியூ எடுத்த கணிப்பில், ஒபாமாவின் எட்டுப் புள்ளி முன்னிலை மறைந்து ராம்னி 49க்கு 45 என்று முன்னே வந்தார். கட்சி மாறி வாக்களிக்க இத்தனை பேர் ஒரே இரவில் முடிவெடுத்தார்களா? எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக் கருவி வழியாக அதே தேர்தல் காலத்தில் பெருந்திரளானவர்களிடம் தொடர்ந்து கருத்துக் கேட்டு ஆராய்ந்த ஆண்ட்ரூ கெல்மன் உள்ளிட்ட நால்வர், மனம் மாறியவர்கள் மிகக் குறைவு என்றும், தோன்றிய சரிவில் பெரும்பகுதி யார் பதில் சொல்ல முன்வந்தார்கள் என்பது மாறியதால் வந்தது என்றும் காட்டினார்கள். டென்வருக்குப் பிறகு ஜனநாயகக் கட்சி ஆதரவாளர்களுக்குக் கணிப்பாளரிடம் பேசவே மனம் வரவில்லை. குடியரசுக் கட்சியினருக்கு உற்சாகம் பொங்கியது. ஒபாமாவின் தோரணை எதிர்ப்பக்கத்தின் வாக்கைப் பெரிதாகக் கூட்டவில்லை, தம் பக்கத்தின் வாயை அடைத்தது. இந்த நிகழ்வு முழுவதிலும் எனக்கு மிகவும் படிப்பினை தரும் கண்டுபிடிப்பு இதுதான். தொண்டர் எதிர்பார்த்த ஆவேசம், கொள்கையை விளக்குவதற்கானதன்று. மறுநாள் காலை அலுவலகத்தில் தலைநிமிர்ந்து பேசுவதற்கான பொருள் அது. பைடன் டான்வில்லில் வழங்கியதும் அதைத்தான்.

ராம்னியின் முறை

அக்டோபர் 16 அன்று நியூயார்க் மாநிலத்தின் ஹாஃப்ஸ்ட்ரா பல்கலைக்கழகத்தில் ஒபாமா வேறு ஆளாக வந்தார். இருவரும் ஒருவரையொருவர் சுற்றிச் சுற்றி நடந்தார்கள், நேருக்கு நேர் நின்று மறித்தார்கள். சிஎன்என் கணிப்பில் ஒபாமா 46, ராம்னி 39. ஜனநாயகக் கட்சியினர் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். அதில் சொல்லப் புதிதாக எதுவும் இல்லை.

அக்டோபர் 22 அன்று புளோரிடாவின் போகா ரேட்டனில் நடந்த மூன்றாம் விவாதம்தான் வட்டத்தை முழுமையாக்கியது. பொருள் வெளியுறவு. இப்போது அலை எழுப்பாமல் கரை சேரப் பார்த்தவர் ராம்னி. ஒசாமா பின் லேடன் கொல்லப்பட்டதற்காக அதிபரைப் பாராட்டினார், பல இடங்களில் உடன்பட்டார், தாக்குதலைத் தவிர்த்தார். கடற்படைக் கப்பல்களின் எண்ணிக்கை குறைந்துவிட்டதாக அவர் சொன்னபோது, ராணுவத்தில் குதிரைகளும் துப்பாக்கிமுனைக் கத்திகளும்கூடத்தான் குறைந்திருக்கின்றன என்று ஒபாமா குத்தினார். சிஎன்என் கணிப்பில் ஒபாமா 48, ராம்னி 40. பழமைவாதக் கருத்தாளர்கள் பலர் ராம்னியின் அமைதியை அதிபருக்குரிய தகுதி என்று புகழ்ந்தார்கள். ஒபாமாவின் கிண்டலை அவர்கள் சிறுபிள்ளைத்தனம் என்றார்கள். ஜனநாயகக் கட்சித் தரப்புக்கு ராம்னி வியர்த்து ஒடுங்கியவர், ஒபாமா ஆளுமை மிக்கவர். டென்வருக்கும் போகா ரேட்டனுக்கும் இடையே பத்தொன்பது நாள்; இரு தரப்பும் தத்தம் அகராதியை மேசைக்கு மேல் மாற்றிக்கொண்டிருந்தன. நவம்பர் 6 அன்று ஒபாமா அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வர்களின் வாக்குகளில் 332க்கு 206 என்று வென்றார்; கேலப் வரலாற்றிலேயே பெரிய விவாத வெற்றியைப் பெற்றிருந்தவர் தோற்றார்.

இடையில் ஓர் இரவை விட்டுவிட்டேன். அக்டோபர் 18 அன்று நியூயார்க்கில், அந்த மாநிலத்தின் முன்னாள் ஆளுநர் அல் ஸ்மித் நினைவாக, தேர்தல் ஆண்டுகளில் பெரும்பாலும் இரு வேட்பாளர்களும் ஒரே மேடையில் தம்மையும் மற்றவரையும் கேலி செய்துகொள்ளும் அறக்கட்டளை விருந்து நடந்தது. எட்டு நாள் முன்பு தம் டென்வர் நடத்தையைப் பணிவு என்று அழைத்த ஒபாமா அங்கே எழுந்து, இரண்டாவது விவாதத்தில் தமக்குக் கூடுதல் தெம்பு இருந்ததைக் கவனித்திருப்பீர்கள், முதல் விவாதத்தில் போட்ட நீண்ட தூக்கத்தால் நல்ல ஓய்வு கிடைத்திருந்தது என்றார். அரங்கம் கட்சி பேதமில்லாமல் சிரித்தது.